மால் மூடிய பிறகு அந்த இடத்தை என்ன செய்வார்கள்?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்றொரு நகரம். அங்கே 2021 மார்ச் மாதம் ஓர் உயர்நிலைப் பள்ளி, மேசீஸ் என்ற பெரிய பல்பொருள் கடைக்குள் குடியேறியது. பழைய பள்ளிக் கட்டடத்தில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இருப்பது தெரியவந்து, முந்தைய செப்டம்பரிலேயே அதை மூடிவிட்டார்கள். நகரின் நடுவே இருந்த மேசீஸ் கடையோ 2018-லிருந்து பூட்டிக் கிடந்தது. சில வாரங்களில் உள்ளே தடுப்புகள் எழுப்பி வகுப்பறைகள் ஆக்கினார்கள். பிள்ளைகள் எஸ்கலேட்டரில் ஏறி வகுப்புக்குப் போனார்கள். பீங்கான் பாத்திரங்கள் அடுக்கியிருந்த, பின்னால் விளக்கு எரியும் அலமாரிகளில் நூலகப் புத்தகங்கள் வந்து உட்கார்ந்தன. சில சுவர்களில் துணி பிராண்டுகளின் பெயர்கள்கூட அப்படியே இருந்தன. பல தடுப்புகள் கூரைவரை போகவில்லை என்பதால் பக்கத்து வகுப்பின் சத்தமும் சேர்ந்து கேட்கும். நிறைய அறைகளில் ஜன்னலே கிடையாது.

புதுப் பள்ளி கட்டி முடியும்வரைக்கும் என்று செய்த ஏற்பாடு அது. ஆனாலும், ஆள் இல்லாத கடை வளாகத்தை ஊருக்குப் பயன்படும் இடமாக மாற்றுவதில் உள்ள வசதி, அவஸ்தை இரண்டும் அந்த ஒரு கட்டடத்திலேயே தெரிந்துவிடுகின்றன. ஊர் நடுவில், உறுதியான, பெரிய இடம் கேட்டவுடன் கிடைத்தது. ஆனால் அது துணிமணி விற்பதற்காகக் கட்டிய பெட்டி. மனிதர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்து யாரும் அதைக் கட்டவில்லை.

மூடிப்போன மால்களை மருத்துவமனை, கல்லூரி, நூலகம், வீடு, பூங்கா என்று மாற்றும் வேலை அமெரிக்காவில் 1990-களிலிருந்தே மும்முரமாக நடக்கிறது. இதைப்பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'அப்போது', 'இப்போது' என்று இரண்டு படங்களைக் காட்டி வியப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ, கட்டடத்தை மாற்றுவதுதான் இதில் சுலபமான வேலை என்று தோன்றுகிறது. அந்த மண் யார் பெயரில் இருக்கிறது, யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதில்தான் பல ஊர்கள் பத்து வருடம், பதினைந்து வருடம் என்று மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரையில் கட்டடத்தோடு சேர்த்துப் பத்திரத்தையும் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில், மால்கள் ஏன் மூடுகின்றன?

எல்லாவற்றுக்கும் அமேசானைக் கைகாட்டுவது வழக்கம். அது பாதி உண்மைதான். இணையக் கடைகள் தலையெடுப்பதற்கு முன்பே பல மால்களில் வியாபாரம் படுத்துவிட்டது. தேவைக்கு மேல் கட்டியதுதான் அடிப்படைக் காரணம். அமெரிக்காவில் தலைக்குச் சுமார் 23 சதுர அடி கடைப் பரப்பு இருப்பதாகச் சொல்வார்கள். ஐரோப்பாவில் இதில் ஒரு சிறு பங்குதான்.

ஏன் அவ்வளவு கட்டினார்கள்? 1954-ல் அமெரிக்க வரிச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. புதிதாகக் கட்டும் வணிகக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே பெருமளவு கணக்குக் காட்டி, வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கட்டினாலே லாபம் என்று ஆகிவிட்டது. பழையதைப் பழுதுபார்ப்பதைவிட அடுத்த சாலைச் சந்திப்பில் புதிதாக ஒன்று எழுப்புவது முதலீட்டாளருக்குக் கட்டுபடியானது. இரண்டு வருடம் கழித்து, 1956-ல், மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. சாலை போட்டதும் வீடுகள் புறநகருக்கு நகர்ந்தன, வீடுகளுக்குப் பின்னாலேயே மால்களும் போய்ச் சேர்ந்தன.

அதே 1956 அக்டோபரில் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் சவுத்டேல் மால் திறந்தது. முழுக்கக் கூரை வேய்ந்து, உள்ளே வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய முதல் மால் என்று அதைச் சொல்வார்கள். வடிவமைத்தவர் விக்டர் குரூயன். வியன்னாவில் பிறந்த யூதர், 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். காரைவிட்டு இறங்காத அமெரிக்கர்களுக்கு வியன்னா மாதிரி நடந்து திரிய ஓர் ஊர் நடுவம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. 463 ஏக்கரில் அவர் போட்ட திட்டத்தில் மால் ஒரு பகுதி மட்டும்தான். சுற்றிலும் வீடுகள், பள்ளி, மருத்துவ மையம், பூங்கா, ஏரி எல்லாம் இருந்தன. கட்டியவர்கள் கடைகளையும் பார்க்கிங்கையும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டார்கள். நாடு முழுவதும் அதைப் பார்த்துக் கட்டியவர்களும் அப்படியே செய்தார்கள். மனம் கசந்துபோன குரூயன் வியன்னாவுக்கே திரும்பினார், கடைசிக் காலத்தில் இந்த மால்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்லிவிட்டார். சவுத்டேல் பார்க்கிங்கில் அடுக்குமாடி வீடுகள் வந்தது 2014 வாக்கில். இன்று 'மால் மறுசீரமைப்பு' என்று சொல்லிச் செய்வதில் பாதி, குரூயன் ஆரம்பத்திலேயே கேட்டதுதான்.

சரி, ஒரு மால் எப்படிச் சாகிறது? அதன் கோடிகளில் பெரிய பல்பொருள் கடைகள் இருக்கும்: சியர்ஸ், ஜேசி பென்னி, மேசீஸ் போன்றவை. இவற்றை ஆங்கர் கடை என்பார்கள். கூட்டத்தை இழுத்து வருவது இவைதான் என்பதால் இவற்றுக்கு வாடகை மிகக் குறைவு, பல இடங்களில் நிலத்தையே அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். உண்மையில் வாடகை கொடுத்து மால் ஓட வழிசெய்கிறவர்கள் நடுவில் இருக்கும் செருப்புக் கடைக்காரரும் ஐஸ்கிரீம் கடைக்காரரும். இவர்களுடைய குத்தகையில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும். ஆங்கர் கடை மூடினால் வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது காலி செய்துகொண்டு போகலாம். சியர்ஸ் 2018 அக்டோபரிலும் ஜேசி பென்னி 2020 மேயிலும் திவால் மனு கொடுத்தபோது பல ஊர்களில் இந்த நிபந்தனைக்கு உயிர் வந்தது. ஒரு பெரிய கடை போனால் பத்துச் சின்னக் கடைகள் வாடகையைக் குறைக்கச் சொல்லும். உள்ளே பத்துக் கடை இருந்தாலும் நூறு கடை இருந்தாலும் நடைபாதைக்குப் போகும் மின்சாரம் ஒன்றுதான். வருமானம் குறையக் குறையக் கூரை ஒழுகலைச் சரிசெய்யாமல் விடுவார்கள், எஸ்கலேட்டர் நிற்கும், காவலாளியைக் குறைப்பார்கள். அப்புறம் வருகிறவர்களும் குறைவார்கள்.

காலி மாலில் உண்மையில் என்ன இருக்கிறது

பெரும்பாலும் தார். அமெரிக்க ஊர்களின் கட்டட விதிகள் கடைப் பரப்பு ஆயிரம் சதுர அடிக்கு நாலு அல்லது ஐந்து கார் இடம் கேட்டன. ஒரு காருக்கு, வண்டி திரும்பும் வழியோடு சேர்த்து, முந்நூறு சதுர அடிக்கு மேல் போய்விடும். கணக்குப் போட்டால் கடையைவிடப் பார்க்கிங் பெரிது. அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரக் கடைசிக் கூட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மீதி நாள்களில் தொளதொளவென்றுதான் கிடக்கும்.

மறுசீரமைப்பு செய்கிறவர்களுக்கு அந்தத் தார்தான் புதையல். கட்டடத்தை இடிக்காமலே வேலை தொடங்கப் பத்து, இருபது ஏக்கர் காலி மண் ஒரே இடத்தில், நெடுஞ்சாலை இறக்கத்துக்குப் பக்கத்தில், பல ஊர்களில் பேருந்து வந்து நிற்கும் இடத்திலேயே கிடைக்கிறது. கழிவுநீர்க் குழாயும் மின்சாரமும் ஏற்கெனவே வந்திருக்கின்றன.

கட்டடம் வேறு கதை. தரை அகலம், கூரை உயரம், தூண்கள் தள்ளித் தள்ளி நிற்கும். இதெல்லாம் நல்லது. ஆனால் வெளிச்சம் சுவரோரத்தோடு சரி. நடுவில் நின்றால் பகல் எது, இரவு எது என்று தெரியாது. கழிப்பறைகள் ஒரு மூலையில் மொத்தமாக இருக்கும். 'மால்களை வீடுகளாக மாற்றிவிட்டால் என்ன?' என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். வீடு என்றால் ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் வேண்டும், குளியலறை வேண்டும், சமையலறைக் குழாய் வேண்டும். அந்தப் பெட்டிக்குள் அதைக் கொண்டுவரத் தரையையும் கூரையையும் அங்கங்கே உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே வீடுகள் பெரும்பாலும் பார்க்கிங்கில் புதிதாக எழுகின்றன. பெட்டிக்குள் மருத்துவப் பரிசோதனைக் கூடம், பயிற்சி வகுப்பு, அலுவலகம், நூலகம் போன்றவை போகின்றன.

விதிவிலக்கு உண்டு. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் 1828-ல் கட்டிய ஆர்கேடு, அமெரிக்காவில் இன்னும் நிற்கும் மிகப் பழைய கூரையிட்ட கடைவீதி. 2008-ல் மூடி 2013-ல் திரும்பத் திறந்தபோது மேல் இரண்டு மாடிகளில் 48 சின்னஞ்சிறு வீடுகள் ஆக்கினார்கள், கீழே கடைகள். அது குறுகலான கட்டடம், நடுவில் கண்ணாடிக் கூரை. 1970-களின் மால்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வில்லங்கம்

நம் பக்கம் மனை வாங்குகிறவர்கள் முதலில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பார்கள். காலி மாலுக்கும் அதுதான் முதல் வேலை. வெளியிலிருந்து பார்க்க ஒரே கட்டடம் மாதிரி இருக்கும். ஆவணத்தில் பார்த்தால் நடுப்பகுதி ஒரு நிறுவனத்துக்கு, கிழக்குக் கோடியும் அதன் பார்க்கிங்கும் இன்னொருவருக்கு, மேற்குக் கோடி மூன்றாமவருக்கு. போதாததற்கு, மால் கட்டும்போதே இவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கும். என் கடைப் பலகை சாலையிலிருந்து தெரிய வேண்டும், இத்தனை கார் இடம் குறையக் கூடாது, அந்தப் பக்கம் கட்டடம் எழுப்பக் கூடாது, கடை தவிர வேறெதுவும் வரக் கூடாது என்று அதில் இருக்கும். கடை மூடினாலும் ஒப்பந்தம் மூடாது. நூலகம் கட்ட ஊரே ஆசைப்பட்டாலும் அந்த மூன்று பேரில் ஒருவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவ்வளவுதான்.

வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த லேண்ட்மார்க் மால் இதற்கு நல்ல உதாரணம். 1965-ல் திறந்தது, மொத்தம் 51 ஏக்கர். 2000-களிலேயே தள்ளாட ஆரம்பித்துவிட்டது. நகராட்சி 2009-ல் அந்தப் பகுதிக்கு ஒரு மறுசீரமைப்புத் திட்டம் நிறைவேற்றியது. ஒன்றும் நடக்கவில்லை. நடுப்பகுதியின் உரிமையாளரான ஹவர்ட் ஹியூஸ் நிறுவனம் 2013-ல் தன் திட்டத்துக்கு அனுமதி வாங்கியது. அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. மேசீஸும் சியர்ஸும் அவரவர் நிலத்தில் உட்கார்ந்திருந்தன. 2017 ஜனவரியில் ஹவர்ட் ஹியூஸ் மேசீஸ் கட்டடத்தை விலைக்கு வாங்கியது, அதே மாதம் மாலின் நடுப்பகுதி மூடியது. சியர்ஸ் கடை 2020 வரை தனியாக ஓடியது.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. வீடில்லாத குடும்பங்களுக்குத் தங்குமிடம் நடத்தும் உள்ளூர் அமைப்பு ஒன்று, தன் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும்வரை இருக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. 2018-ல் அது காலி மேசீஸ் கடைக்குள் வந்து, புதுக் கட்டடம் தயாராகும்வரை அங்கேயே இயங்கியது. பெரிய திட்டம் காகிதத்தில் நகரும் வருடங்களில் கட்டடத்தைச் சும்மா பூட்டி வைக்காமல் இப்படிக் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் அதைச் செய்கிறவர்கள் குறைவு.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தது நகராட்சியின் பணம். மருத்துவமனை கட்டுவதற்கான பகுதியை நகராட்சியே கடன் பத்திரம் வெளியிட்டு வாங்கி, இனோவா என்ற லாப நோக்கற்ற மருத்துவக் குழுமத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்க முடிவு செய்தது. 2022-ல் மால் இடிபட ஆரம்பித்தது. மருத்துவமனையைச் சுற்றி வீடுகள், கடைகள், ஒரு தீயணைப்பு நிலையம் என்று திட்டம். நிலம் ஊர் பெயரில் இருப்பதால், நாளைக்கு மருத்துவமனை வேண்டாம் என்று போனாலும் மண் ஊருக்கே திரும்பும்.

இன்னொரு தடையும் உண்டு: நில வகைப்பாடு. 'வணிகம் மட்டும்' என்று குறித்த இடத்தில் வீடு கட்ட ஒவ்வொரு முறையும் விசேஷ அனுமதி கேட்டு அலைய வேண்டும், அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் சொன்னால் வருடங்கள் ஓடும். கலிஃபோர்னியா 2022-ல் ஒரு சட்டம் இயற்றி, 2023 ஜூலையிலிருந்து, குறைந்த வருமானத்தாருக்கு வீடு ஒதுக்குவது உட்பட்ட நிபந்தனைகளை நிறைவேற்றினால் வணிக மனைகளில் வீடு கட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று ஆக்கியது.

நன்றாக நடந்த சில இடங்கள்

மிசிசிபி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் 1970-ல் திறந்த ஜாக்சன் மால், நகரத்தில் புது மால்கள் வர வரத் தேய்ந்து, 1990-களில் ஏறக்குறைய காலி. சுற்றிலும் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மக்கள். அந்த ஊரில் ஏரன் ஷர்லி என்றொரு குழந்தை மருத்துவர் இருந்தார். மிசிசிபி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1960-களில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர். ஏழைகளுக்கான மருத்துவமனைகள் ஊர் முழுக்கச் சிதறி, பழைய கட்டடங்களில் இயங்குவதை வருடக்கணக்கில் பார்த்தவர். மக்கள் இருக்கும் இடத்திலேயே இவ்வளவு பெரிய கட்டடம் சும்மா கிடக்கிறதே, எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்தால் என்ன என்று கேட்டார்.

பல்கலைக்கழக மருத்துவமனை, ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகம், டூகலூ கல்லூரி மூன்றும் சேர்ந்தன. 1996-ல் அறக்கட்டளை ஒன்று அமைத்து அதன் பெயரில் சொத்தை வாங்கினார்கள். பல் மருத்துவம், புற்றுநோய்ப் பிரிவு, குழந்தைகள் நலம் எனச் சிகிச்சைப் பிரிவுகள் கடைகளுக்குள் வந்தன. மாலின் நடைபாதை அப்படியே மருத்துவமனை வராந்தா ஆனது. கடைக்கு முன்னால் பேருந்து ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது, பார்க்கிங் இலவசம். நோயாளிக்கு வேண்டியது பாதி அங்கே தயாராகவே இருந்தது. இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அறக்கட்டளை. சொத்து ஒரு கட்டுமான நிறுவனத்தின் கையில் இருந்திருந்தால், அக்கம்பக்கத்தில் நில விலை ஏறிய முதல் நாளே வேறு யோசனை வந்திருக்கும்.

டென்னசியின் நாஷ்வில்லில் வேறு விதம். அங்கே ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ் மால் முழுதாகச் சாகவில்லை. கீழ்த்தளத்தில் கடைகள் ஓடின, மேல்தளம் காலி. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை மேல்தளத்தைக் குத்தகைக்கு எடுத்து 2009 வாக்கில் தன் வெளிநோயாளிப் பிரிவுகளை அங்கே கொண்டுவந்தது. காத்திருப்பவர்கள் கையில் ஒரு பேஜரைக் கொடுத்துவிடுவார்கள். முறை வரும்வரை கீழே கடைகளைச் சுற்றலாம், அது ஒலித்ததும் மேலே வந்தால் போதும். காத்திருக்கும் அறையில் முகத்தை முகம் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம், கடைக்காரருக்கும் வியாபாரம். 2020 இறுதியில் பல்கலைக்கழக மருத்துவமனை மால் முழுவதையும் வாங்கிவிட்டது.

டெக்சஸின் ஆஸ்டின் நகரில் 1971-ல் வந்த ஹைலண்ட் மாலை வாங்கியது ஒரு சமுதாயக் கல்லூரி. சமுதாயக் கல்லூரி என்றால், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் கட்டணம் குறைவாகத் தேடுபவர்களும் போகும் இரண்டாண்டுக் கல்லூரி. பழைய ஜேசி பென்னி கடையை 2014-ல் கற்றல் கூடமாகத் திறந்தார்கள். ஒரே கூடத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட கணினிகள். ஜன்னல் குறைவான அகன்ற தரைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது. கூரையில் வெளிச்சத்துக்குத் திறப்புகளும் வைத்தார்கள். மாலின் மீதிக் கடைகள் 2015 வரை தட்டுத்தடுமாறி ஓடின. சில மாதங்கள் ஒரு பக்கம் மாணவர்கள், மறு பக்கம் கடைசி வாடிக்கையாளர்கள்.

இதே டெக்சஸில், மெக்சிகோ எல்லையோரம் இருக்கும் மெக்காலன் நகரம், வால்மார்ட் விட்டுப்போன ஒரு கடையை 2011 டிசம்பரில் பொது நூலகமாகத் திறந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரம் சதுர அடிக்கும் மேல், எல்லாம் ஒரே தளம். பழைய நூலகத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. திறந்த முதல் மாதத்தில் புது உறுப்பினர் சேர்க்கை 23 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள். அது மால் அல்ல, தனிக்கடை. ஆனால் ஒரே உரிமையாளர், ஒரே பத்திரம் என்றால் வேலை எவ்வளவு சுருக்கமாக முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்ற வேண்டும் என்றும் இல்லை. கொலராடோவின் லேக்வுட் நகரத்துக்கு நகர மையம் என்று ஒன்று கிடையாது. 1966-ல் வந்த வில்லா இத்தாலியா மால்தான் மையம் மாதிரி. 2001-ல் அது மூடியதும் பெரும்பகுதியை இடித்து, சுமார் 100 ஏக்கரில் குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் போட்டு 22 மனைத்தொகுதிகளாகப் பிரித்தார்கள். கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒரு சதுக்கம், குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்குத் தளம். பெல்மார் என்ற பெயரில் 2004-லிருந்து அது லேக்வுட்டின் கடைத்தெரு.

கனெக்டிகட்டின் மெரிடன் ஊரில் இன்னும் ஒரு படி மேல். அங்கே மால் நின்ற இடத்துக்கு அடியில் ஹார்பர் ஓடையைக் குழாய்க்குள் அடைத்திருந்தார்கள். 1992, 1996 ஆகிய ஆண்டுகளில் வெள்ளம் வந்து ஊர் நடுவே முங்கியது. மால் கட்டடத்தை இடித்து, ஓடையைத் திரும்ப வெளியே எடுத்து, மழைநீர் தங்கும் பள்ளமாக 14 ஏக்கரில் ஒரு பூங்கா அமைத்தார்கள். 2016-ல் திறந்தது. மழையில் தண்ணீர் நிற்கும், மற்ற நாள்களில் பிள்ளைகள் விளையாடுவார்கள். ஏரியை மூடிக் கட்டடம் எழுப்பிவிட்டு ஒவ்வொரு டிசம்பரிலும் படகு தேடும் சென்னைக்காரர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரமும் இதையே செய்தது. கடைத்தெருவுக்கும் டீஸ் ஆற்றுக்கும் நடுவில் காசில்கேட் என்ற வளாகம் சுவர் மாதிரி நின்றது. நகராட்சி 2019-ல் அதை விலைக்கு வாங்கியது. மிச்சமிருந்த கடைகளைப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு வளாகத்துக்கு வரச்சொன்னது, அதையும் நகராட்சியே வாங்கியிருந்தது. 2022-ல் காசில்கேட்டை இடித்து ஆற்றங்கரைப் பூங்காவுக்கு வழிசெய்தார்கள். இரண்டு வளாகத்திலும் பாதி பாதி காலியாக இருப்பதற்குப் பதில் ஒன்றை நிரப்பி ஒன்றை எடுத்துவிடலாம் என்ற எளிய கணக்கு. இரண்டும் ஒரே கையில் இல்லாவிட்டால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அதிகம் பயன்படும் வழி: இன்று காலி மாலிலிருந்து வரும் சொத்து வரியைக் குறித்துக்கொள்வார்கள். மறுசீரமைத்த பிறகு வரி எவ்வளவு கூடுகிறதோ, அந்தக் கூடுதலை மட்டும் இருபது இருபத்தைந்து வருடத்துக்குத் தனியே ஒதுக்கி, அதைக் காட்டி இன்றே கடன் வாங்கி, சாலையும் வடிகாலும் போடுவார்கள். எதிர்பார்த்தபடி வரி கூடாவிட்டால் சிக்கல். பள்ளிக்குப் போக வேண்டிய வரிப்பணம் இதில் முடங்குகிறது என்ற புகாரும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது.

கல்லூரி, மருத்துவமனை, நூலகம் போன்றவை நல்ல குடித்தனக்காரர்கள். வந்தால் சீக்கிரம் கிளம்பமாட்டார்கள். ஆனால் அவர்களில் பலருக்குச் சொத்து வரி விலக்கு, விற்பனை வரியும் வராது. மால் செலுத்திவந்த வரியை நம்பிக் கணக்குப் போட்ட சின்ன ஊருக்கு இது வலிக்கும். ஆகவேதான் பார்க்கிங்கில் கொஞ்சம் வீடும் கடையும் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

யாருக்காக?

காலியிடம் நிரம்பிவிட்டால் ஊருக்கு நல்லது நடந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஒஹாயோவில் கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் இருந்த ராண்டல் பார்க் மால், 1976-ல் திறந்தபோது உலகிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. 2009-ல் மூடி, பிறகு இடித்த அந்த இடத்தில் 2018-லிருந்து அமேசான் கிடங்கு இயங்குகிறது. வேலை கிடைத்தது, வரி வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஊர்க்காரர் ஒருவர் மழைக்கு ஒதுங்கவோ, நண்பரைப் பார்க்கவோ இனி அங்கே போக முடியாது. முதியவர்கள் காலையில் வந்து ஏசியில் நடைப்பயிற்சி செய்வது அமெரிக்க மால்களில் சர்வசாதாரணம். இப்படிப்பட்ட பயன்பாடு எந்த ஆவணத்திலும் இல்லாததால் இழப்புக் கணக்கிலும் வருவதில்லை.

லண்டனின் எலிஃபண்ட் அண்ட் காசில் வளாகம் இன்னும் கசப்பானது. 1965-ல் திறந்தது. பணக்காரர்கள் திரும்பிப் பார்க்காத, அழகில்லாத கட்டடம் என்று பெயர். வாடகை குறைவாக இருந்ததாலேயே கொலம்பியா, எக்வடோர் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே உணவகம், தையல்கடை, பணம் அனுப்பும் கடை என்று வைத்தார்கள். லத்தீன் அமெரிக்கர்களுக்கு லண்டனில் அது ஒரு தாய்வீடு. முதியவர்களுக்கு மேலே பிங்கோ கூடம். நிறுவனத்தின் கணக்கில் அது 'பாழடைந்த சொத்து'. வியாபாரிகளும் மக்களும் வருடக்கணக்கில் போராடினார்கள், வழக்கும் போட்டார்கள். 2020 செப்டம்பரில் வளாகத்தை மூடி அடுத்த ஆண்டு இடித்தார்கள். சில கடைகளுக்கு அருகில் தற்காலிக இடம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. 'காலியானது', 'நலிந்தது' என்ற பட்டியலில் ஒரு வளாகத்தைச் சேர்க்கும் முன் உள்ளே நடந்து பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை போய்ப் பார்த்தாலே போதும்.

நம் பக்கம்

இந்தியாவிலும் 'பேய் மால்' என்ற பேச்சு வந்துவிட்டது. நாற்பது சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கும் வளாகங்களை, மனை, கட்டட வணிகத்தில் ஆலோசனை சொல்லும் நைட் ஃபிராங்க் நிறுவனம் அப்படிக் கணக்கெடுக்கிறது. 2023-ல் எட்டுப் பெரிய நகரங்களில் இப்படி 64 வளாகங்கள் இருப்பதாகச் சொன்னது, சென்னையும் அதில் ஒன்று. இங்கே பார்க்கிங் புதையல் கிடையாது. பத்திரச் சிக்கலோ அமெரிக்காவைவிட மோசம். அங்கே உரிமையாளர் மூன்று நாலு பேர் என்றால், நம் ஊரின் பல வளாகங்களில் கட்டியவர்கள் பணத்தைச் சீக்கிரம் எடுக்க ஒவ்வொரு கடையையும் தனித்தனியே விற்றுவிட்டார்கள். நூறு கடைக்கு நூறு பத்திரம். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் காலமாகி வாரிசுத் தகராறு, ஒருவர் விலை ஏறட்டும் என்று பூட்டிவைத்திருக்கிறார். எந்தக் கடை எங்கே வர வேண்டும் என்று தீர்மானிக்க ஆளில்லை, எஸ்கலேட்டரைப் பழுதுபார்க்கப் பணம் வசூலிக்கக்கூட ஆளில்லை.

சிங்கப்பூரிலும் இப்படித் தனித்தனியே விற்ற பழைய வளாகங்கள் நிறைய. அங்கே கட்டடத்துக்குப் பத்து வயது ஆகிவிட்டால், பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் 80 சதவீதம் வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் மொத்த வளாகத்தையும் விற்கச் சட்டம் வழிவிடுகிறது. மீதிப் பேர் ஆட்சேபிக்கலாம், ஆனால் ஒரே ஆள் எல்லாவற்றையும் நிறுத்திவைக்க முடியாது. சின்ன வியாபாரிக்கு அதில் ஆபத்தும் இருக்கிறது. நம் ஊரில் ஒரு காலி வளாகத்தை வாசகசாலையாகவோ மருத்துவமனையாகவோ ஆக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால், கட்டடக் கலைஞரைத் தேடுவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் மொத்தம் எத்தனை பெயர் என்று எண்ணிக்கொண்டு வருவது நல்லது.